ஆறில் இரண்டு

ஜூலை 8

பணியில் சேர்ந்தாயிற்று. கலந்தாய்வில் இந்த ஊரை நான் கேட்டு வாங்கியபோது எதிரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோவில்பட்டிக்காரி எதற்குக் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்குப் போக வேண்டும்? என்னை யாருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்று சொல்ல முடியுமா? கடல் காற்று மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு. பதினான்கு பிள்ளைகள். எல்லாம் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். சத்தம் கொஞ்சம் அதிகம், பயம் கொஞ்சமும் இல்லை.

ரோணிக்கம் அக்கா வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். கொண்டுவந்த உப்பு ஒரே நாளில் தண்ணீர் விட்டுவிட்டது. தீப்பெட்டியும் நமத்துப் போயிற்று.

சாயங்காலம் துணி காயப்போடும்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டது. லூர்துராஜ். மரியஜான். விபின். விளையாட்டுக்குக் கூட்டாளிகளைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அடுத்தது வள்ளம். அடுத்தது வலை. வள்ளம் என்றால் இங்கே படகு. படகுக்கும் வலைக்கும் யார் குரல் கொடுப்பார்கள்? கடைசியாக ஒரு பெயர், மற்றவற்றைவிட நீளமாக: சேசடிமை. பதிலுக்குக் காத்திருப்பது போல அதற்குப் பின் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஜூலை 9

மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் சுமந்து இடுப்பு போயிற்று. மாலையில் அதே குரல், அதே பெயர்கள்.

ஜூலை 11

பின்னம் ஆரம்பித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு வெட்டி எடுத்துப் போயிருந்தேன். ஆளுக்கு ஒரு வட்டம், இரண்டு பேருக்கு ஒரு கத்தரி. “இது ஒரு கேக். நாலு பேருக்குச் சமமாப் பங்கு வைங்க” என்றேன். சுற்றி வந்து பார்த்தால் ஒன்றுகூட நான்காக வெட்டவில்லை. எல்லாம் ஐந்து. வட்டத்தை ஐந்தாக வெட்டுவது எனக்கே வராது. இதுகள் கச்சிதமாக வெட்டி வைத்திருக்கின்றன.

ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் எழுதிய கதைதான் என்று சிவப்பு மையால் வரிசையாகத் தப்புப் போட்டேன். ஷைஜு எழுந்து நின்றான். “டீச்சர், வள்ளத்துக்குப் பங்கு வேண்டாமா?” என்றான். கேக் கடையில் வாங்குவது, கடலில் பிடிப்பதில்லை என்றேன். வகுப்பு முழுவதும் என்னைப் பாவமாகப் பார்த்தது. நாலு பேர் உழைத்து எது வந்தாலும் வள்ளத்துக்கு ஒரு பங்கு வைக்காமல் அவர்களுக்குக் கை வராதாம். இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் போட்ட தப்புகளை எல்லாம் அடித்துச் சரி என்று போட வேண்டியதாயிற்று.

ஒருத்தி மட்டும் ஆறாக வெட்டியிருந்தாள். வலைக்கும் ஒரு பங்கு உண்டு என்றாள். வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, சாயங்காலக் குரல் அவளுடையதுதான். பெயர் அபிஷா.

பங்கு பிரிக்கிற முறையையும் அவர்களே செய்து காட்டினார்கள். ஒருத்தர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வெட்டியவர் ஒரு துண்டின் மேல் கை வைத்து “இது யாருக்கு?” என்று கேட்பார். பார்க்காமல் ஒரு பெயர் சொல்ல வேண்டும். எந்தத் துண்டு யாருக்குப் போகும் என்று வெட்டியவருக்கே தெரியாது என்பதால் பெரிது சிறிதாக வெட்ட மாட்டார். பயிற்சி வகுப்புகளில் எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 14

ரோணிக்கம் அக்கா மீன்குழம்பு கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். வீட்டுக்காரர் எங்கே என்றார். மஸ்கட்டில் என்றேன். எப்போது வருவார்? கிறிஸ்துமஸ் சமயத்தில் லீவு கிடைக்கும் என்றேன். பெயர் என்ன? எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்று சிரித்து மழுப்பினேன். அது நிஜம்தான். எம்.எஸ்சி. படித்தவளுக்கு இதெல்லாம் என்ன என்று எங்கள் வீட்டுக்காரரே கேலி செய்வார். கோவிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போதுகூட “சாமி பேருக்கு” என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

பேச்சை மாற்ற அபிஷாவைப் பற்றிக் கேட்டேன். அக்கா குரலைத் தணித்தார். அவளுடைய அப்பாதான் சேசடிமை. போன வருடம் ஆவணிக் காற்றில் வள்ளத்திலிருந்து விழுந்தவர். எல்லோரும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. ஒரு வருடம் அவருக்கும் கூறு வைப்பது என்று வள்ளத்துக்காரர்கள் அவர்களாகவே முடிவு செய்தார்களாம். கூப்பிடுகிறவள் அபிஷா. “கடலைப் பாத்துக்கிட்டே அந்தப் பேரச் சொல்லும் டீச்சர். எனக்கு ஒடம்பு விறைக்கும்” என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜூலை 18

கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். சாளை மீன் மணலில் ஆறு கூறாகக் குவிந்திருந்தது. சொந்த வள்ளத்தை ஓட்டுகிற லூர்துராஜ், அபிஷாவின் சித்தப்பா, ஒவ்வொரு கூறின் மேலும் கையை நீட்டினார். அவள் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்று பெயர் சொன்னாள். ஐந்து பெயர் சொன்ன பிறகு ஆறாவது கூறு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்; கூப்பிட வேண்டியதே இல்லை. இருந்தும் லூர்துராஜ் கையை நீட்டினார், அவள் கூப்பிட்டாள். வலை சேசடிமையுடையது என்பதால் அதன் கூறும் அந்தக் கடைசிக் கூறும் அவள் அம்மா ஸ்டெல்லாவின் கடவம் என்கிற ஓலைக்கூடையில் போயிற்று.

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு மணலில் கால் புதைகிற மாதிரி இருந்தது. திரும்பி வந்து மூன்று தடவை கால் கழுவினேன்.

ஜூலை 23

சமான பின்னங்கள். வண்ணத்தாளைப் பட்டைகளாக வெட்டி, ஒன்றை இரண்டாக, ஒன்றை நான்காக, ஒன்றை எட்டாக மடிக்கச் சொன்னேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். இரண்டில் ஒன்றும் நான்கில் இரண்டும் எட்டில் நான்கும் ஒரே நீளம். ஷைஜு பெஞ்சு மேல் ஏறி அறிவித்தான்.

அபிஷா ஒத்துக்கொள்ளவில்லை. வைத்துப் பார் என்றேன். வைத்துப் பார்த்தாள். ஒரே நீளமா? ஒரே நீளம்தான். அப்படியானால் சமம்தானே? இல்லை என்று தலையை ஆட்டினாள். “நாலுல ரெண்டுன்னா நாலு பேரு இருந்தாவ. ரெண்டுல ஒண்ணுன்னா ரெண்டு பேருதான் இருந்தாவ. அது எப்படி ஒண்ணாவும்?”

அளவைத்தான் கேட்கிறோம், ஆளை இல்லை என்றேன். சரியான பதில்தான். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் சாயங்காலம் மறுபடி பட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 30

அவருடைய பிறந்த நாள். பாயசம் வைக்கவில்லை. வைத்தேன், ஆனால் கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 3

லூர்துராஜ் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினார். இந்த மாதக் கடைசியில் வருடம் திரும்புகிறது. அண்ணனுக்குச் சர்ச்சில் பூசை வைக்க வேண்டும். அதோடு அந்தப் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். வள்ளத்தில் கூட வருகிற விபின் இனிமேல் கடலுக்கு வரமாட்டேன் என்கிறானாம்.

என்ன பயம் என்று கேட்டேன். “வலை இழுக்கும்போ பாரம் கொறையுது டீச்சர். மூணு பேரு இழுக்குத பாரம் இல்ல அது. நாலாவது ஒரு ஆளும் சேந்து இழுக்குத மாதிரி இருக்கு. எனக்கும் தெரியுது. அண்ணன் கெடுதல் செய்யமாட்டாரு. ஆனா அவன் சின்னப் பையன், நடுங்குதான்” என்றார். வள்ளத்தில் அண்ணன் உட்காரும் பலகையில் இப்போதும் யாரும் உட்காருவதில்லையாம்.

கூப்பிடுவதை நிறுத்தினால் அண்ணன் கூறும் நின்றுவிடும். அண்ணிக்கும் பிள்ளைக்கும் ஒரு மீன்கூடக் குறையக் கூடாது, பெயரும் கூப்பிடக் கூடாது. அதற்கு என்ன வழி என்று கேட்கத்தான் கணக்கு டீச்சரிடம் வந்திருக்கிறார்.

கேட்டதும் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. வெட்டி வைத்த காகிதத் துண்டுகளில் ஆறை எடுத்து மேஜை மேல் பரப்பினேன். வள்ளமும் லூர்துராஜும், அவருக்கு இரண்டு. வலையும் சேசடிமையும், ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு. மரியஜானுக்கும் விபினுக்கும் சேர்த்து இரண்டு. ஆறு கூறுக்குப் பதில் மூன்று பெரிய கூறு வையுங்கள் என்றேன். வள்ளம், வலை, ஆள். ஆறில் இரண்டு என்பதும் மூன்றில் ஒன்று என்பதும் ஒன்றுதான். யாருக்கும் குறையாது. அவர் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளைக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னால் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாடப்புத்தகத்திலேயே போடலாம் போல அத்தனை நல்ல உதாரணம் என்று நான் மகிழ்ந்து போனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6

சிப்பிகளைக் கொண்டு ஆறு குவியல் வைக்கச் சொன்னேன். அதை மூன்றாக்கச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு என்று எண்ணச் சொன்னேன். எதுவும் மாறவில்லை என்று எல்லோரும் கத்தினார்கள். அபிஷா மட்டும் குவியல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. நான் எதற்குச் சுற்றி வளைக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதுல எங்க அப்பா எங்க டீச்சர்?” என்றாள்.

வலையோடு சேர்ந்து இருக்கிறார் என்று அந்தக் குவியலைக் காட்டினேன். “அப்பம் கூப்பிட முடியாதுல்லா?” என்றாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9

அபிஷா வரவில்லை. நேற்றும் வரவில்லை. மாலையில் மட்டும் குரல் வருகிறது. முன்னைவிடச் சத்தமாக.

நான் எதற்கு இதில் போய் மாட்டினேன்? கணக்கு கேட்டார்கள், சொன்னேன். என் வேலை அவ்வளவுதானே?

ஆகஸ்ட் 12

மழை. கூரையில் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்தேன். விபின் மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை. இரண்டு பேரால் வலை இழுக்க முடியாது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மீன் இல்லை, கூறு இல்லை, கூப்பிடுவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த ஒரு பெயர் மட்டும் கேட்டது. ரோணிக்கம் அக்காவிடம் கேட்டேன். தனக்கு எதுவும் கேட்கவில்லை, மழைச் சத்தமாக இருக்கும் என்றார்.

மழைச் சத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். அபிஷா வந்தாள், மிட்டாய் வாங்கினாள், என்னைப் பார்க்காமல் போனாள். இரண்டு மிட்டாய் கேட்டு வாங்கினாளாம்.

அக்கா மறுபடி கேட்டார், மஸ்கட்டிலிருந்து ஃபோனே வருவதில்லையே என்று. அங்கே நேரம் வேறு என்றேன்.

ஆகஸ்ட் 17

அபிஷா வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வாசலில் உட்கார வைத்துக் கறுப்புக் காப்பி கொடுத்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். கண்ணுக்குக் கீழே அத்தனை கறுப்பு. அவளுக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை போல. “பூசை வச்சா செத்தாச்சுன்னு ஆயிரும். வைக்காட்டி செத்தும் சாவாம கெடப்பாரு. எனக்கு ரெண்டும் தாங்காது டீச்சர். பிள்ள சரின்னு சொன்னா சரி” என்றாள். அந்தக் கடைசிக் கூறு மீனை அவள் ஒருநாளும் சமைத்ததில்லையாம். அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாளாம்.

அபிஷா வீட்டுக்குப் பின்னால் குவித்துப் போட்ட வலை மேல் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். சேலையெல்லாம் மீன் நாற்றம்.

கணக்கைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள். அளவு சரிதான், ஆறில் இரண்டும் மூன்றில் ஒன்றும் ஒன்றுதான் என்பது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். “அம்ம அப்பா பேரச் சொல்லமாட்டா. சித்தப்பா அண்ணம்னு சொல்லும். சாமியாரு காணாமப் போன சகோதரர்னு சொல்லுவாரு. நான் கூப்பிடும்போ மட்டும்தான் அப்பாவுக்குப் பேரு உண்டு. அதையும் நிப்பாட்டிட்டா அப்பா எப்படி இங்க நிப்பாரு?”

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, உயிரோடு இருந்தபோதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “மஸ்கட்ல இருக்காவன்னு ரோணிக்கம் பாட்டி சொல்லிச்சே” என்றாள். மஸ்கட்டில்தான் வேலை பார்த்தார், அங்கிருந்து பெட்டியில் வந்தார் என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். திறக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் திறக்கச் சொல்லவில்லை என்றேன்.

“அப்பம் நீங்களும் பாக்கல்ல” என்றாள்.

ஆமாம் என்றேன். கோழி ஒன்று வலைக்குள் காலை விட்டுக்கொண்டு கத்தியது. அவள் எழுந்து போய் அதை எடுத்து விட்டாள். அங்கிருந்தபடியே கேட்டாள். “பேரு கூப்பிடாட்டி போயிருவாவளா டீச்சர்?”

போக மாட்டார்கள் என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். காலையில் தண்ணீர் சுட வைக்கும்போது இருக்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறார். நான் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை, அவர் ஒரு நாளும் போகவில்லை. அவளை ஏமாற்ற நான் இதைச் சொல்லவில்லை. நான் இந்த ஊருக்கு வந்ததே அவர் பின்னால் வரமாட்டார் என்று நினைத்துத்தான்.

பெயர் என்ன என்று கேட்டாள். பூவநாதன் என்றேன். நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை. எங்கள் ஊர்ச் சாமி பெயர் அது, அம்மன் பெயர் செண்பகவல்லி, அதுதான் என் பெயர் என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு அவள் வலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “மூணா வைக்கச் சொல்லுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 18

பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதோ? ராத்திரியெல்லாம் வீட்டில் ஆள் நடமாட்டம் போலவே இருந்தது. பயமாக இல்லை. அதுதான் அதிசயம்.

ஆகஸ்ட் 21

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள். அபிஷா பள்ளிக்கு வருகிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள், அதற்கு மேல் இல்லை. விபின் சம்மதித்துவிட்டானாம். அவன் அம்மா எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார், ஏதோ நான் மந்திரித்துவிட்ட மாதிரி. வாங்க மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

காலையில் பூசை. நானும் போய்ப் பின்வரிசையில் நின்றேன். சாமியார் ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னார். ஸ்டெல்லா அழவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் அழுதாள். ஒரு செருப்பு கிடைக்கவில்லை என்று அழுதாள்.

பூசை நாளிலேயே கடலுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பயம் போகாது என்று விபினை லூர்துராஜ் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் வள்ளம் வந்தது. அயிலை மீன். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மூன்று கூறு வைத்தார்கள். ஆறு கூறைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மணல் வெறிச்சென்று கிடந்தது.

அபிஷா முதுகைக் காட்டி நின்றாள். லூர்துராஜ் முதல் கூறின் மேல் கை நீட்டி இது யாருக்கு என்றார். ஆளுக்கு என்றாள். இரண்டாவது? வள்ளத்துக்கு என்றாள். மூன்றாவதின் மேல் கை நீட்டிக் கேட்டார். அவள் பேசவில்லை. மறுபடி கேட்டார். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கூறு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. லூர்துராஜ் தானே அள்ளி ஸ்டெல்லாவின் கடவத்தில் போட்டார். ஒரு மீன்கூடக் குறையவில்லை. என் கணக்கு அத்தனை சரி.

மீன் எல்லாம் எடுத்துப் போன பிறகும் அவள் திரும்பவில்லை. ஸ்டெல்லா வந்து தோளைத் தொட்டுக் கூட்டிப் போனாள். அந்தப் பிள்ளை கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 29

மாலையில் குரல் கேட்டது. ஆள். வள்ளம். வலை. சட்டென்று முடிந்துவிட்டது. நான் ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று தெரிந்தும் நின்றேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அக்கா வந்து கிறிஸ்துமஸ் லீவைப் பற்றிக் கேட்டார். இந்தத் தடவை மஸ்கட் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தவர் அடுப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 31

வலை இழுக்கும்போது பாரம் சரியாக இருக்கிறதாம், மூன்று பேர் இழுக்கிற பாரம். விபின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். லூர்துராஜை வழியில் பார்த்தேன். “சரியாப் போச்சா?” என்று கேட்டேன். “சரியாத்தான் போச்சு டீச்சர்” என்றார். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தன.

செப்டம்பர் 2

அபிஷா இடைவேளையில் என்னிடம் வந்தாள். நான் சொன்னது பொய் என்று சொல்லவில்லை, சண்டை போடவில்லை. “அப்பா போகல்ல டீச்சர். நீங்க சொன்ன மாதிரி இருக்காரு. ஆனா பேரு இல்லாம இருக்காரு” என்று மட்டும் சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

அவள் போன பிறகு ஃபோனைத் திறந்து வருகைப் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தேன்.

செப்டம்பர் 3

இங்கே வந்த நாளிலிருந்து நான் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்ததில்லை. ஃபோனில் ஆப்பைத் திறப்பேன், தலையை எண்ணுவேன், தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்தத் திரையில் எல்லாப் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து இருக்கிறது. சே. அபிஷா. இத்தனை நாள் அது என் கண்ணில் பட்டும் படவில்லை.

இன்று காலை ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு, இனிமேல் பெயர் கூப்பிடுவேன், முழுப் பெயராகக் கூப்பிடுவேன் என்றேன். எதற்கு டீச்சர் என்றார்கள். எனக்கு வேலை இல்லை, அதற்குத்தான் என்றேன். அந்தோணிராஜ் ஷைஜு என்றேன். உள்ளேன் டீச்சர் என்று கத்திவிட்டு, தன் அப்பா பெயர் பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு வெட்கப்பட்டு மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒருத்தி தனக்கு அம்மா பெயரைப் போட்டுக் கூப்பிடச் சொன்னாள். சரி என்றேன்.

எட்டாவதாக, “சேசடிமை அபிஷா” என்றேன்.

சிரிப்பு நின்றது. வருகைக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. அவள் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியேயும் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து, கடற்கரையில் கூப்பிடுகிற அத்தனை சத்தத்தில் சொன்னாள்.

“உள்ளேன் டீச்சர்.”